சாமி விளக்கில் எரிந்த பூஞ்சை

படித்த திமிர் என்று ஒன்று உண்டு. எனக்கு அது எண்பதுகளில், பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டில் பிடித்தது. வீட்டில் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், சொன்னாலும் புரியாது என்று கையை வீசிவிட்டுப் போவேன். (அந்தக் கையை இப்போது நினைத்தாலும் முறிக்கலாம் போலிருக்கிறது.)

என் ஆய்வு பூஞ்சைகளின் கொழுப்பைப் பற்றியது. கிள்ளானில் ஆவி பறக்கும் செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுக் குவியலில் ஒரு பூஞ்சை வளரும். ஐம்பது டிகிரி சூடு அதற்குச் சுகம். இன்னொன்று பழைய ரொட்டியில் பூப்பது. மிதமான வெப்பமே போதும். சூடு விரும்பியின் கொழுப்பு கெட்டியானது, இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் அதன் உடம்பு நிற்காது. மற்றதன் கொழுப்பு எண்ணெய்போல் ஓடும். இதைக் காட்ட மூன்று மாதம் மெனக்கெட்டு, இரண்டு சின்னப் போத்தலில் போத்தலுக்கு ஒரு கரண்டி சேர்த்திருந்தேன். திங்கட்கிழமை அதை அளந்து காட்டாவிட்டால் பட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை பார்த்து ஆய்வுக்கூடத்து ஐஸ்பெட்டி படுத்துவிட்டது. போத்தல்களை பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் ஐஸ்பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் சாமி மேடையில் இரண்டு விளக்கு எரிகிறது. கீழே என் போத்தல்கள், கழுவிக் கவிழ்த்தபடி. போத்தல்களை நிமிர்த்தி, எதை எதில் ஊற்றினாய் என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா நீயே வாங்கிட்டு வந்தியேன்னு சந்தோஷமா ஏத்துனேன்டா,” என்றார் அம்மா. “உறைஞ்சி கெடந்தது நெய்யி, வலது பக்கம். வெளிய வச்சதும் ஓடுனது எண்ணெய், இடது பக்கம். ரெண்டும் கொஞ்சூண்டுதான் லா. கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்.”

அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டே கும்பிட்டார். நான் இடுப்பில் துண்டோடு, திரி கருகும்வரை நின்று அழுதேன். என் பக்தி அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது.

திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். போத்தலில் பெயர் எழுதியிருந்ததா என்று அவர் கேட்டார். வெறும் எண்கள்தான் என்றேன். “உங்க அம்மா கண்ணால பார்த்தே சரியா பிரிச்சிட்டாங்களே,” என்று முணுமுணுத்து, இன்னொரு முறை வளர்க்கத் தவணை கொடுத்தார்.

அன்று மாலை முதன்முறையாக அம்மாவை உட்காரவைத்து, சூடு, கொழுப்பு, கெட்டி, இளக்கம் என்று என் ஆய்வு முழுவதையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“இதுக்கா மூணு மாசம்?”

இன்றும் எங்கள் குடும்பத்தில் சேலை எடுக்கப் போனவர்கள் தாமதித்தாலும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.