ஈசாக்கின் அனுமதிப் பட்டியல்

காவலர் என்றொரு இனம் உண்டு. காக்கி போட்டவர்களைச் சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காப்பவர்கள். எதைக் கேட்டாலும் முதலில் "முடியாது" என்பார்கள். என்ன கேட்டீர்கள் என்று பிறகுதான் விசாரிப்பார்கள்.

கேரள எல்லையோரம் செங்கல் என்ற ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருந்த ஈசாக் இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி. வேலைக்குச் சேர்ந்ததுமே பாட்டை நீக்கினார், சீட்டாட்டத்தை நீக்கினார், மூலையில் ஓடிய கடிகாரத்தை நீக்கினார், மலையாளத்தில் டைப் அடிப்பதையும் நீக்கினார். கடைசியில், தன் அனுமதிப் பட்டியலில் இல்லாத எதுவுமே திறக்காதபடி பூட்டிவிட்டு, நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விலாசினி தன் கணவர் தங்கையனை ஆட்டோவில் கொண்டுவந்தாள். அவருக்கு வாய் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. ஸ்கேன் எடுத்தாயிற்று. படத்தைத் திறந்து காரக்கோணம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். திறக்கிற புரோகிராமைத்தான் காணோம்.

"அண்ணா, அது எங்க போச்சு?" என்று டெக்னீஷியன் ஜெபகுமாரி அலறினாள்.

"நான் தூக்கியாச்சு மக்கா. பேரு தெரியாத கம்பெனியாக்கும் அது. டேட்டா முழுசும் அவன் கொண்டுபோவான்."

"எவன்?"

"அவன்தான்."

அந்த 'அவனை' இந்த இனத்தார் யாரும் நேரில் பார்த்ததில்லை.

"ஒரு மனுசன் அங்க கெடக்காரு. வேகமா அதத் திரும்பப் போடுங்க!"

ஈசாக் போட்டார். பட்டியலில் இல்லை என்று கம்ப்யூட்டர் மறுத்தது. சேர்க்கலாமென்று பட்டியலைத் திறக்கப் போனார். பட்டியலைத் திறக்கும் புரோகிராமே பட்டியலில் இல்லை; அதைச் சேர்க்க மறந்திருந்தார். பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தார். மசியவில்லை. அப்போது அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்கிறீர்கள்? பெருமை!

"பாத்தியா, என்னைக்கூட விடல்ல!"

விலாசினி கதவருகே வந்து நின்றாள். "சாறே, அவருக்கு இப்ப பேச்சும் இல்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் ஈசாக் பெருமையை விட்டுவிட்டு மறுபடி பாஸ்வேர்டை அடிக்கத் தொடங்கினார்.

ஜெபகுமாரி காத்திருக்கவில்லை. தங்கையனை ஆம்புலன்சில் ஏற்றிக் காரக்கோணத்துக்கே கொண்டுபோனாள். அங்கே மறுபடி ஸ்கேன் எடுத்து மருந்து ஏற்றினார்கள். உயிர் தப்பியது. கை மட்டும் சோறு பிசையப் பல மாதம் ஆயிற்று.

ஈசாக் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனார். கட்டிலருகே தலைகுனிந்து நின்றார், கண்கூடக் கலங்கிற்று. விடைபெறும்போது விலாசினியிடம் ரகசியமாகக் கேட்டார்: "போனுக்குப் பூட்டு போட்டிருக்கா?"

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் கைப்பேசியைத் திறக்க வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா? வழியில் நீங்கள் மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அதற்குள்தானே பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?