தம்பியைக் கட்டிப்போட்ட வழக்கு

என் தம்பியை ஏற்காடு ஏரிக்கரையில் மரத்தில் கட்டிப்போட்டேன். அது உண்மை. அது குற்றம் என்பதுதான் பொய்.

எண்பதுகளில் எங்கள் எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் பெண்கள், நடக்கப் பழகிய பிள்ளையின் இடுப்பில் பழஞ்சேலையைக் கட்டி, மறுமுனையைச் சில்வர் ஓக் மரத்தில் முடிந்துவிடுவார்கள். பிள்ளை பள்ளத்தில் விழாது. (நானும் அப்படி வளர்ந்தவள்தான். எனக்கும் சேதமில்லை, மரத்துக்கும் சேதமில்லை.)

பத்தாவது முடித்திருந்தேன். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்க ஆசை. நல்ல மார்க், கெஞ்சல், சாப்பிடாமல் படுத்தது என எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்:

"நீ போயிட்டா செல்வத்த யாரு கண்ணு பாக்கறது?"

மூன்று வயதுச் செல்வம் என் இடுப்பிலேயே குடியிருந்தான்.

அந்தக் கோடையில் தோழிகள் ஏரியில் படகுச் சவாரிக்குக் கூப்பிட்டார்கள். அவனில்லாமல் ஒரே ஒரு சுற்று! நிழலான மரமாகப் பார்த்து, அவனைத் தூக்கிவந்த சேலையாலேயே கட்டினேன். கையில் பொரி. சேலை தண்ணீர்வரை எட்டாது என்று இழுத்தும் பார்த்துக்கொண்டேன். இதைவிடப் பொறுப்பாக யார் செய்வார்கள்?

படகு நடு ஏரிக்குப் போனபோது கரையில் டூரிஸ்ட் கூட்டம். செல்வம் அழவில்லை, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். அழுதது அவர்கள்தான்.

"பெத்தவ எங்க? மாட்டைக் கட்டற மாதிரி கட்டிட்டுப் போயிட்டாளே!" என்றார் குல்லா போட்ட ஓர் அம்மாள்.

"நான் அவன் அக்காங்க! அவுக்காதீங்க, ஏரிக்குள்ள ஓடிருவானுங்க!" என்று படகிலிருந்து கத்தினேன்.

யார் கேட்டார்கள்? கூட்டமே முயன்றும் முடிச்சு அவிழவில்லை. கரையில் பொரி விற்றவர் கத்தியால் சேலையை அறுத்தார். செல்வம் நேராகத் தண்ணீருக்குள் ஓடினான்! (சொன்னேனா, இல்லையா?) குல்லாக்கார அம்மாள் முழங்காலளவு நீரில் இறங்கித் தூக்கினார். அதற்கும் திட்டு எனக்கே.

செய்தி எனக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது. அப்பா தீர்ப்புச் சொன்னார்: "இவ ஊட்டுல இருந்தா பையன் தாங்கமாட்டான். ஹாஸ்டலுக்கே அனுப்பிரலாம்."

ஒழுங்காக இருந்தவரை கிடைக்காத ஹாஸ்டல், மானம் போனதும் கிடைத்தது. இது என்ன நியாயம்?

செல்வத்தின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் தாலிக்கு மீதி முடிச்சுகளைப் போடக் குனிந்தேன். அம்மா மணப்பெண்ணிடம் சத்தமாகச் சொன்னாள்:

"பயப்படாத சாமி. எம்மவ போட்ட முடிச்ச ஒரு ஊரே கூடியும் அவுக்க முடியல!"

மண்டபமே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவனைத் தண்ணீரில் ஓடவிட்டது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.