நிற்காத தண்ணீருக்கு ஒரு மனு

மத்திய அரசின் செக்ஷன் ஆபீசர் திரு. மகாதேவன் வீட்டுக் கழிவறையில் ஃப்ளஷ் டேங்க் நிரம்புவதை நிறுத்த மறுத்தது 1997 மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு. நேரத்தை அவர் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷ சர்வீசில் அவர் நேரம் குறிக்காமல் விட்டது தம்முடைய கல்யாணத்தை மட்டும்தான். அதையும் வேறு யாரோ பத்திரிகையில் அச்சடித்துவிட்டார்கள்.

டில்லியில் முனிர்காவுக்கு எதிர்ப்புறம் இருந்த அந்த அரசுக் குடியிருப்பில் பிளாக்குக்கு ஆறு வீடு. ஆறுக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி. ஆகவே மகாதேவன் வீட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடினால், மற்ற ஐந்து வீட்டிலும் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம். மேல் வீட்டு ரத்தினவேல், விமானப்படையில் வேலை பார்க்கும் திண்டுக்கல்காரர், முகமெல்லாம் சோப்பு நுரையோடு இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"சார், ஒங்க வீட்ல தண்ணி கொட்டுற சத்தம் எங்க வீடு வரைக்கும் வருது. தண்ணிதான் வரமாட்டேங்குது."

"தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்றார் மகாதேவன்.

உள்ளே அவர் மனைவி ருக்கு ஸ்டூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "ஏன்னா, டேங்குக்குள்ள ஒரு பந்து மிதக்கறதோல்லியோ, அந்தக் கம்பியைத் துளி கீழ வளைச்சா நின்னுடும். ரெண்டு நிமிஷ வேலை."

"தொடாதே! அது சர்க்கார் சொத்து. சர்க்கார் கம்பியை சர்க்கார்தான் வளைக்கணும்."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலனியில் எல்லோரும் என்கொயரி என்று சொல்லும் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனார். அங்கே குமாஸ்தா பாட்டியா புகார்ப் பதிவேட்டைத் திறந்தார். அதில் தண்ணீருக்கு மூன்று பத்திகள் அச்சாகியிருந்தன: வரவில்லை, குறைவாக வருகிறது, கலங்கலாக வருகிறது.

"நிற்கவில்லை என்று எழுதுங்கள்" என்றார் மகாதேவன் ஹிந்தியில்.

"அதற்குப் பத்தி இல்லையே, மகாதேவன்ஜி."

"கையால் ஒரு பத்தி போட்டுக்கொள்ளலாமே?"

பாட்டியா பேனாவைக் கீழே வைத்தார். "மே மாதம். டில்லி முழுக்கத் தண்ணீர் இல்லை என்று கத்துகிறது. ஒரு வீட்டில் நிற்காமல் வருகிறது என்று நான் எழுதினால், மேலே இருக்கிற ஆபீசர்கள் ரிப்பேர் செய்ய உத்தரவு போடமாட்டார்கள். அந்த வீட்டைத் தங்களுக்கு ஒதுக்கச் சொல்லி மனு போடுவார்கள்."

இது நியாயமாகப் பட்டது.

"நிற்கவில்லை என்பதற்கு எது கிட்டத்தில் வருகிறது, பாருங்கள்" என்றார் பாட்டியா. "வரவில்லை. அது 'ருக்தா நஹீன்', இது 'ஆதா நஹீன்'. இரண்டிலும் நஹீன் இருக்கிறது. பாதி சரியாகிவிட்டது. மீதியை ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ. நேரில் வந்து பார்த்துக்கொள்வார்."

அச்சடித்த பத்தியை எதிர்த்து மகாதேவன் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'வரவில்லை' என்பதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டு, புகார் எண் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

வீடு நிசப்தமாக இருந்தது.

"நின்னுடுத்து" என்றாள் ருக்கு, கையைத் துடைத்துக்கொண்டே. "மேல் வீட்டுக்காரர் குளிச்சுட்டே போயிட்டார்."

மகாதேவன் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன காரியம் பண்ணிட்டே! புகார் நம்பர் வாங்கிண்டு வந்திருக்கேன். நாளைக்கு ஜே.இ. வந்து பாத்துட்டு, பழுதே இல்லேன்னு எழுதினா? பொய்ப் புகார்! மெமோ வரும். அண்டர் செகரட்டரி ப்ரமோஷன் ஃபைல் மேலே போயிருக்கற சமயத்துல இது தேவையா?"

"அதுக்காக மறுபடி ஒழுக விடணுமா?"

மகாதேவன் ஸ்டூலில் ஏறினார். தாமும் ஒரு வகையில் சர்க்கார்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதலாக இருந்தது. தம் கையாலேயே கம்பியை மேல்நோக்கி வளைத்து, பழுதைப் பழையபடி சீர்செய்தார்.

ஜே.இ. மறுநாள் வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தார். இடையில் எட்டு நாளும் ரத்தினவேல் ராத்திரியே வாளியில் பிடித்து வைத்துக் குளித்தார். படியில் பார்த்தால் மகாதேவனுக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஜே.இ. புகார்ச் சீட்டைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார். "தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அருவி மாதிரி கொட்டுகிறதே?"

"அதுதான் சார் பழுது."

"சீட்டில் அப்படி இல்லை. வரவில்லை என்றால் வரவழைப்பதுதான் என் வேலை. கம்பியை வளைக்க எனக்கு உத்தரவு இல்லை."

"ஒன்றும் செய்யாமல் போனால்?"

"புகாரை முடிக்க முடியாது. பொய்ப் புகார் என்று எழுத வேண்டியிருக்கும்." அந்த வார்த்தை வந்ததும் மகாதேவன் மற்ற கேள்விகளை விழுங்கிவிட்டார்.

மாலைக்குள் தொட்டியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த அரை இஞ்ச் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு இஞ்ச் குழாய் மாட்டினார்கள். 'தண்ணீர் திருப்திகரமாக வருகிறது' என்ற சான்றிதழில் மகாதேவன் கையெழுத்துப் போட்டார். பொய் ஒன்றும் இல்லை. கழிவறைப் பக்கம் போனால் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

அன்றைக்கு ரத்தினவேல் கதவைத் தட்டியபோது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று ருக்கு பயந்தாள்.

"சார்," என்றார் ரத்தினவேல் பவ்யமாக, "ஒரு இஞ்ச் குழாய் போட்டாங்களாமே. மனு எப்படி எழுதினீங்க?"

"ரத்தினவேல், நீங்க எங்காத்துக் கம்பியை வளைச்சுக் குடுத்தாலே போறும். எல்லாருக்கும் தண்ணி வரும்" என்றாள் ருக்கு.

"வளைச்சா தண்ணி மட்டுந்தானேம்மா வரும்? குழாய் வராதே."

மகாதேவனுக்கு நெஞ்சு நிறைந்தது. தம் டிராஃப்டை யாரும் கேட்டு வாங்கி அவர் பார்த்ததில்லை. அன்றே ரத்தினவேலுக்கு ஒன்று, மறுநாள் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு, அந்த வாரம் முடிவதற்குள் அடுத்த பிளாக்குகளுக்கு என்று எழுதித் தள்ளினார். 'மேற்படி பொருள் தொடர்பாகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று ஆரம்பித்து, தண்ணீர் வரவில்லை என்று முடிப்பார். ஆதாரத்துக்கு அவரவர் வீட்டுக் கம்பியை மேலே வளைத்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு பிளாக், எழுபத்திரண்டு வீடு. எழுபத்திரண்டு கம்பியும் வளைந்தன. எழுபத்திரண்டு குழாயும் வந்தன.

ஜூன் இரண்டாம் வாரத்தில், காலை ஆறு மணிக்கு நிரம்பிய தொட்டிகள் ஆறு பதினொன்றுக்குக் காலியாயின. பிறகு அவற்றுக்குத் தண்ணீர் ஏற்றும் தரைத்தொட்டியும் வறண்டது. காலனிக்குள் டேங்கர் லாரி வர ஆரம்பித்தது. ஃப்ளஷ் டேங்குகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன.

அந்தச் சமயத்தில்தான் நீர் சேமிப்பு வாரம் வந்தது. அந்த வருஷம் ஆபீசுகளில் அதுதான் மோஸ்தர். பேனர் கட்டி, பேரணி நடத்தி, கோப்பை கொடுக்காத இலாகாவே இல்லை. வீடு வீடாக ஒரு படிவம் வந்தது. அதில் ஒரே கேள்வி: 'உங்கள் கழிவறைத் தொட்டி நிரம்பி வழிகிறதா?' எழுபத்திரண்டு வீடும் உண்மையைச் சொன்னது: இல்லை.

வட்டாரத்திலேயே சொட்டுக் கசிவும் இல்லாத ஒரே குடியிருப்பு என்று கோப்பை வந்தது. ஷாமியானா போட்டார்கள். வரவேற்புரையை எழுதி வாசித்தவர் மகாதேவன். தலைமைப் பொறியாளர் பேசி முடித்து, இரண்டு கிளாஸ் ரூஹ் அஃப்ஸா சர்பத் குடித்து, கோப்பையைக் கொடுத்துவிட்டு, மகாதேவன் காதில் ஏதோ கேட்டார். மகாதேவன் அவரை மரியாதையாகத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே ஜே.இ., பாட்டியா, ரத்தினவேல், இன்னும் முப்பது பேர் படியேறினார்கள்.

பொறியாளர் உள்ளே போனார். சற்று நேரம் கழித்துச் சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது. 'கடக்.' மறுபடி 'கடக்.' அப்புறம் ஒன்றும் இல்லை.

கதவு திறந்தது. பொறியாளர் முகம் பூரித்திருந்தது.

"பிரமாதம்! எத்தனையோ காலனி பார்த்துவிட்டேன். ஒரு சொட்டுக்கூட வீணாகாத வீடு இதுதான்!"

படிக்கட்டு அதிரக் கை தட்டினார்கள். மகாதேவன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். தட்டாதவள் ருக்கு ஒருத்திதான். டேங்கர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் படியேறி வந்த அவளுக்கு இரண்டு கையிலும் வாளி இருந்தது.