கோதை பின்னிய கார்டிகன்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதையும் வாயால் சொல்லவில்லை. எழுதினேன். நல்ல கையெழுத்தில், வரிசை எண் போட்டு.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் வரைவாளர் படிப்பு முடித்து, திருச்சியில் ஓர் அலுவலகத்தில் டிரேசர் வேலை. அதாவது, பெரியவர்கள் போட்ட கட்டிட வரைபடத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, அவர்கள் கோட்டின் மேல் என் கோட்டைப் போடுவது. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். வேலை என் சுபாவத்துக்குப் பொருந்தியது. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்குப் புரியும். (கோவிலுக்குப் போகக்கூடப் பட்டியல் வைத்திருந்தேன். ஒன்று, துளசி. இரண்டு, உண்டியலுக்குச் சில்லறை. மூன்று, செருப்பை எந்த வாசலில் விட்டோம் என்ற குறிப்பு.)

என் அக்கா கோதைக்கு டில்லியிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் சம்பத், சர்க்கார் உத்தியோகம். எல்லாம் பொருந்திய பிறகு பையனின் அம்மா ஒரு கடிதம் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு அன்றே டில்லி மாமி என்று பெயர் விழுந்துவிட்டது. “இங்கே குளிர்காலத்தில் கையில் ஊசி இல்லாத பெண்பிள்ளையே கிடையாது. மத்தியான வெயிலில் உட்கார்ந்து எல்லோரும் ஸ்வெட்டர் பின்னுவோம். கோதைக்கு என்னென்ன வரும்? பின்னல் வருமா?” என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுதும் பொறுப்பு என்னுடையது. அப்பா ஸ்கூல் வாத்தியார். இருந்தாலும், கையெழுத்து அழகாக இருந்தால் விஷயமும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர். படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் எழுதியது இது:

“1. தளிகை நன்றாக வரும். 2. கோலம் வரும். 3. பாட்டு வரும். 4. பின்னல் வரும்.”

முதல் மூன்றும், அதாவது சமையலும் கோலமும் பாட்டும், சத்தியம். நான்காவது என்னைப் பற்றியது. கான்வென்ட் ஸ்கூலில் பின்னக் கற்றுக்கொண்டவள் நான். கோதை ஊசியைத் தொட்டால் நூலே பயந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஆனால் என் வாதம் இப்படி இருந்தது: இந்த வீட்டில் பின்னல் இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பது உள்விவரம். அதைக் கடிதத்தில் போட்டு இடத்தை அடைப்பானேன்?

அடுத்த வாரமே பதில் வந்தது. “மெத்த சந்தோஷம். கல்யாணத்துக்குக் கோதை தன் கையால் சம்பத்துக்கு ஒரு கார்டிகன் பின்னி வைக்கட்டும். பார்க்க ஆசையாக இருக்கிறது.”

கோதை இரண்டு தடவை படித்தாள்.

“ஏண்டி வேதா, எனக்கு மாப்பிள்ளை பாக்கறேளா, ஜெயில் பாக்கறேளா?”

“நான் பின்னித் தரேன். நீ டில்லி போய்க் கத்துக்கோ. நாலு மாசம் இருக்கு. பிளான் போட்டாச்சு.”

“உன் பிளான்ல என் தலை எங்கே இருக்கு? அது உருள்ற இடத்தையும் போட்டிருக்கியா?”

மறுநாளே நூல் வாங்கப் போனேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் என் ஸ்கூல் சிநேகிதி ஜமீலாவின் அத்தாவுக்கு நூல் கடை. கடைக்கு மேலேயே வீடு. நான் கேட்ட உல்லன் நூலின் எடையைக் கேட்டு அவள் அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, இந்த ஊர் வெயில்ல கட்டியிருக்கிற துணியே பாரமா இருக்கு. யாருக்கும்மா இது? குழந்தைக்குக் குல்லாயா?”

“இல்லை பாய், மாப்பிள்ளைக்கு.”

“பாவம், என்ன தப்பு செஞ்சாரு?” என்றார்.

சந்தன நிறம் அடிப்படை. கிளிப்பச்சை, அரக்கு, மஞ்சள், மயில்கழுத்து நீலம் மேலே. கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கண் என்று (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் கண் என்று பெயர்) முழு உடுப்பையும் வரைந்தேன். மார்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கிளிகள். முதுகு முழுக்க மலைக்கோட்டை. இங்கே அப்பா குறுக்கிட்டார். ஸ்ரீரங்கத்து வைஷ்ணவச் சம்பந்தம், உச்சியில் பிள்ளையார் கோவில் வேண்டாமே என்றார். கோவிலை எடுத்தேன். மீதி இருந்தது ஒரு பெரிய உருளைக்கிழங்கு.

இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு சங்கதி உண்டு. பச்சையில் கிளி பின்னிக்கொண்டிருக்கையில், சந்தன நூல் சும்மா பின்னாலேயே கூட வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் நாலைந்து கண்ணுக்கு ஒரு தடவை அதை உள்ளுக்குள் மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் துணி உலர்த்தும் கொடி மாதிரி தொங்கும். என் கிளிக்கு வயிறு பதின்மூன்று கண் அகலம். உருளைக்கிழங்கு இன்னும் அகலம். மாட்டினால் நேரம் ஆகும் என்று நான் ஓர் இடத்திலும் மாட்டவில்லை.

ஜமீலா ஒருநாள் அதை வாங்கிப் பிரட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, வெளிய கிளி, உள்ளாற கிளிக்கூண்டா? கம்பி கம்பியாத் தொங்குது. எதாவது மாட்டிக்கும்டி.”

“சட்டைக்கு மேலதானே போட்டுக்கப் போறார். என்ன மாட்டும்?”

“எனக்கென்ன தெரியும்? நீதான் படிச்சவ” என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு அப்போது பாராட்டாகப் பட்டது.

கல்யாணம் வைகாசியில். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். முகூர்த்தத்துக்கு முன்னால் காசி யாத்திரை. மாப்பிள்ளை சம்சாரமே வேண்டாம் என்று காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் அப்பா பின்னால் போய், என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாரும் என்று அழைத்து வருவார். அதற்கு வேண்டிய சாமான் பட்டியல் என்னிடம்தான் இருந்தது. குடை, விசிறி, கைத்தடி, பாதரட்சை, புத்தகம். ஆறாவதாக நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டு தட்டில் வைத்தேன்.

கல்யாணம் நடத்திவைக்க வந்த வாத்தியார் ஸ்வாமி தட்டைப் பார்த்தார். “இது என்னம்மா?”

“கார்டிகன் ஸ்வாமி. காசியில குளிருமே.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கம்பளி எப்பவும் மடிதான். தோஷமில்லை” என்றார்.

அவர் மட்டும் ஆட்சேபித்திருந்தால்! ஆனால் மாப்பிள்ளையோ எதற்கும் சிரிக்கிற மனிதர். “கோதை பின்னினதா?” என்று கேட்டு மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பஞ்சகச்சம், வெற்று மார்பு, பூணூல். அதற்கு மேலேயே கார்டிகனைப் போட்டு ஐந்து பொத்தானையும் மாட்டிக்கொண்டார். (சட்டை! நாலு மாதப் பிளானில் நான் சட்டையை நம்பியிருந்தேன். காசி யாத்திரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகிற மாப்பிள்ளையை நான் எந்தக் கல்யாணத்தில் பார்த்தேனோ.)

கூட்டம் கைதட்டியது. டில்லி மாமி உருகிப்போனாள். “கிளியோட கண்ணைப் பாருங்கோ! கோதைக்கு என்ன கை, என்ன கை!” மாடியில் கோதை ஜன்னலிலிருந்து உள்ளே போய்விட்டாள். நான் கீழே நின்று, அணை கட்டி முடித்த என்ஜினீயர் போல் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மாப்பிள்ளை தெருக்கோடி வரை காசிக்குப் போனார். அப்பா அழைத்து வந்தார். வரும்போது மாப்பிள்ளை முகத்தில் காவேரி ஓடிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் வந்ததும் பொத்தான்களை அவிழ்த்து, இடது தோளைக் கழற்றினார். பாதியில் நின்றார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, கழுத்து சாய்ந்து, ஜட்கா வண்டிக் குதிரை திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

“அம்மா, பூணூல் மாட்டிண்டுடுத்து.”

“இழுக்காதீங்கோ!” என்று வாத்தியார் ஸ்வாமி பதறினார். “அறுந்தா புதுசு போட்டாகணும், சங்கல்பம், ஜபம் எல்லாம் முதல்லேர்ந்து. முகூர்த்தம் இன்னும் இருபது நிமிஷம்தான்!”

நாலு பேர் சூழ்ந்துகொண்டு மாப்பிள்ளையைச் சுற்றினார்கள். சுற்றச் சுற்றப் பூணூல் கிளிக்குள்ளும் உருளைக்கிழங்குக்குள்ளும் மேலும் புகுந்தது. வியர்வையில் நனைந்த பூணூலும், சந்தன நிறக் கம்பளியும் ஒரே மாதிரி, மூன்று மூன்று இழையாக, எது எதுவென்று தெரியாமல் முறுக்கிக்கொண்டன. யாரோ பூக்கட்டும் இடத்திலிருந்து கத்திரிக்கோலைக் கொண்டு வந்தார்கள். எதை வெட்டுவது?

டில்லி மாமிதான் நிதானமாகப் பேசினாள். “ஏன் பதறறேள்? எந்த இழை எங்கே போறதுன்னு பின்னினவளுக்குத் தெரியும். கோதையைக் கூப்பிடுங்கோ.”

கோதை வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகத்தில் ரத்தமே இல்லை. கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டாள். வாழைக்காய் நறுக்குகிறவள் மாதிரி பிடித்துக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, ஓர் இழையைக் கத்திரிக்குள் வைத்தாள்.

என் மூளை பட்டியல் போட்டது. ஒன்று, உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிற்கலாம். இரண்டு, சொல்லாவிட்டால் பூணூல் அறுந்து, முகூர்த்தம் தப்பி, கல்யாணம் நிற்கலாம். மூன்றாவது எதுவும் வரவில்லை. என் பட்டியலில் மூன்று வராதது அதுதான் முதல் தடவை.

“நிறுத்து! அது பூணூல்!” என்று கத்தினேன். பிறகு சத்தம் குறைந்து, “நான்தான் பின்னினேன் மாமி. கடுதாசியில எழுதினதும் நான்தான். அக்காவுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. அப்பா படிக்காம கையெழுத்துப் போட்டார்.”

நாதஸ்வரக்காரர் பாதி மூச்சில் நிறுத்திவிட்டார். அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். டில்லி மாமி என்னைப் பார்த்தாள். கோதையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“விசாரணை அப்பறம். முதல்ல என் பிள்ளையை வெளியில எடு.”

ஜமீலா கூட்டத்தின் ஓரத்திலிருந்து தன் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கத்திரிக்கோலை நீட்டினாள். (கல்யாணத்துக்கு வரும்போதே எடுத்து வந்திருக்கிறாள். என் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை.) நான் மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மண்டி போட்டேன். கிராஃப் தாள் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

“முப்பத்தெட்டாவது வரிசை. மலை ஆரம்பம். சந்தன நூல் வலமிருந்து இடம், பத்தொம்பது கண் தாண்டறது. இது கம்பளி.” வெட்டினேன். “நாப்பதாவது வரிசை. இதுவும் கம்பளி.” வெட்டினேன். “இது… இது பூணூல்.”

“சரியாப் பார்த்துச் சொல்லும்மா” என்றார் வாத்தியார் ஸ்வாமி, கண்ணை மூடிக்கொண்டு.

“பேசாம காசிக்கே போயிருக்கலாம்” என்றார் மாப்பிள்ளை.

மலை சரிந்தது. இடது கிளி வயிற்றோடு போயிற்று. நாலு மாத வேலையை நானே, வரிசை எண் சொல்லிச் சொல்லி, எட்டு நிமிஷத்தில் பிரித்துப் போட்டேன். கடைசி இழை விட்டதும் பூணூல் நழுவி அவர் மார்பில் விழுந்தது. வாத்தியார் ஸ்வாமி ஒவ்வோர் இழையாகத் தடவிப் பார்த்து, “எல்லாம் இருக்கு” என்றார். கெட்டி மேளம் சரியான நேரத்தில் கொட்டியது. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் மார்பில் திட்டுத் திட்டாக ஏதோ தெரியும். அது கிளியின் ரோமம்.

சாப்பாடு முடிந்ததும் கோதையையும் என்னையும் மாமி கூப்பிட்டாள். மடியில் கார்டிகனின் மிச்சம், உள்பக்கம் வெளியே தெரியும்படி கிடந்தது. அப்பா கதவுக்குப் பின்னால் நின்றார். அவருடைய வேஷ்டி நுனி தெரிந்தது.

“கோதை, உனக்கு நிஜமா என்ன வரும்?”

“முதல் மூணும் வரும் மாமி.”

“சரி, பாடு.”

கோதை பாடினாள். அந்தக் குரல் முதல் அடியில் மட்டும் தடுமாறி, பிறகு நிமிர்ந்துகொண்டது. மாமி முழுக்கக் கேட்டாள்.

“இப்படிப் பாடற பொண்ணுக்கு நாலாவதா ஒண்ணு எதுக்குடி எழுதினே?” என்று என் பக்கம் திரும்பினாள். “நான் வருமான்னுதானே கேட்டேன்? வராதுன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேனா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விக்கு ‘வராது’ என்றும் ஒரு பதில் இருந்தது. அதை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

மாமி மிச்சத்தை என் கையில் திணித்தாள். “வெளியில தங்கம், உள்ளே தரித்திரம். ஆறு மாசத்துல இதே மாதிரி இன்னொண்ணு அனுப்பு. உள்பக்கத்தை வெளியில மடிச்சு அனுப்பு.”

அனுப்பினேன். ஐந்து கண்ணுக்கு ஒரு தடவை மாட்டி. அதைப் பார்த்த மாமியின் சிநேகிதிகள் ஆளுக்கொன்று கேட்டார்கள். இப்போது எட்டு வருடமாக ஜமீலாவும் நானும் சேர்ந்து பின்னுகிறோம். வரைவது நான், குறை சொல்வது அவள். வெயில் கொளுத்தும் திருச்சியிலிருந்து குளிரும் டில்லிக்குச் சால்வையும் கார்டிகனும் பார்சலில் போகின்றன.

கோதை டில்லியில் சுகமாக இருக்கிறாள். காலனிக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். எங்கள் வீட்டில் மட்டும் அவள் பெயர் வேறு காரியத்துக்கும் பயன்படுகிறது. கடையில் வாங்கிய மைசூர்பாகைத் தட்டில் அடுக்கி வைத்தால், “யார் பண்ணினது?” என்று வந்தவர்கள் கேட்பார்கள். அப்பா கண்ணை உருட்டி, “கோதை பின்னினது” என்பார். நான் கொதிக்கவைத்த ரசத்துக்கு அம்மா பாராட்டு வாங்கினால், கோதை பின்னினது. பக்கத்து வீட்டுப் பையன் அண்ணாவை விட்டு வரையவைத்த ஸ்கூல் மேப், கோதை பின்னினது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கோதை யாரென்று தெரியாது. இந்த வார்த்தை தெரியும்.

போன மாதம் டில்லியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே அப்பாவுக்கு ஒரு மஃப்ளர். ஒரு முனை நாலு விரல் அகலம், மறுமுனை ஒரு ஜாண். நடுவில் மூன்று இடத்தில் கண் நழுவிய ஓட்டை. கூடவே ஒரு சீட்டு: “இது நிஜமாகவே நான் பின்னினது. கோதை.”

சீட்டை அப்பா எல்லோருக்கும் படித்துக் காட்டினார். ஒருவரும் நம்பவில்லை.