செக்கில் விழுந்த பெயர்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், அட்டைப்பெட்டிப் பட்டறை சுகம், வெட்டும் இயந்திரம் சுகம். பிரின்டர் மட்டும் இரண்டு நாள் படுத்துக் கிடந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் எங்கள் பெண் போனைப் பிடுங்கிக்கொள்வாள், அவளுக்குத் தெரிந்தால் பிறகு தெரியாதவர் என்று யாரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும். முக்கியமாக உங்கள் அப்பா கண்ணில் இது பட்டுவிடக் கூடாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா, அதாவது என் சம்பந்தி, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேசுவதை நிறுத்துவது என்றால் எவ்வளவு பெரிய சங்கதி என்று அவர் பிள்ளையான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் பட்டறைக்கு வரவில்லை. போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. அவர் அனுப்பும் அட்டைத் தாள் இல்லாமல் என்னால் ஒரு செருப்புப் பெட்டி கூடச் செய்ய முடியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு எங்கள் பெண் உங்கள் அம்மா அப்பா முன்னால் எப்படி நிமிர்ந்து நடப்பாள் என்பதுதான் என் கவலை. இத்தனைக்கும் காரணம் நீங்கள் போன முறை வந்தபோது கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த கணக்கு சாஃப்ட்வேர். உங்களைக் குறை சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைதான் சொல்கிறேன், ஆனால் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "எல்லாம் போட்டாச்சு மாமா. சப்ளையருக்குப் பணம் போற செட்டிங்ஸ் மட்டும் பாக்கி. யாருக்கு செக், யாருக்கு எலக்ட்ரானிக்னு நீங்களே போட்டுக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை." அந்த அஞ்சு நிமிஷத்தை நான் திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முதலில் சப்ளையர்கள் பெயரைக் கேட்டது. உங்கள் அத்தை பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் தட்டினேன். எங்கள் பட்டறையில் யாரையும் முழுப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் கிடையாது, உங்களுக்கே தெரியும். கம்பி கொண்டுவருகிறவர் தூங்குமூஞ்சி, நாடா கொண்டுவருகிறவர் நாளைக்கு, பசைக்காரர் ஒட்டாத பசை. பல வருஷமாக வாயில் அதுதான் வருகிறது. "முழுப் பேரா போடணுமோ?" என்று கேட்டேன். "நம்ம கம்ப்யூட்டர்ல நம்மதானே பாக்கப்போறோம்? நமக்குப் புரிஞ்சா போதும், அடிங்க" என்றாள் உங்கள் அத்தை. அடித்தேன். அதற்குக் கீழே 'செக்கில் அச்சிட வேண்டிய பெயர்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு அருகே சிவப்புப் புள்ளி இருந்தது, இதற்கு இல்லை. புள்ளி இல்லாத இடத்தில் நமக்கென்ன வேலை என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது எலக்ட்ரானிக். அதற்குப் பசைக்காரரைத் தேர்ந்தெடுத்தேன், அவர் பொறுமைசாலி என்பதால். அவருடைய பேங்க் கணக்கு எண்ணைப் போட்டதும், வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு காசு அனுப்பலாமா என்று கேட்டது. கேட்கிறபோது மறுப்பது மரியாதை இல்லை என்று சரி என்றேன். மறுநாள் பசைக்காரர் நேரில் வந்துவிட்டார்.

"ஒரு காசு வந்திருக்குங்க" என்றார்.

"அது சும்மா, பணம் சரியா போய்ச் சேருதான்னு பாக்குறதுக்கு."

"நல்லா சேருதுங்க. மீதியையும் அதே மாதிரி சேத்துடுங்க. அது கிடக்கட்டும், கூடவே ஒரு மெயில் வந்துச்சு. 'அன்புள்ள ஒட்டாத பசை அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கு. அது யாருங்க?"

நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். அவள் மும்முரமாக நாடா சுற்ற ஆரம்பித்துவிட்டாள். "அது உங்க சரக்குக்கு கம்ப்யூட்டர் போட்ட பேருங்க" என்றேன்.

"நல்லாத்தானேங்க ஒட்டுது. எங்க வீட்ல டின் மூடியையே இன்னும் திறக்க முடியல" என்று மனசு நொந்து போனார். டீ வாங்கிக் கொடுத்து, அவர் கண் முன்னாலேயே பெயரைத் திருத்தி, மீதிப் பணத்தையும் அனுப்பி வழியனுப்பி வைத்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், மாப்பிள்ளை. உறைக்கவில்லை. மெயில் வேறு, செக் வேறு, இரண்டுக்கும் என்ன உறவு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு செக். முதல் செக்கின் நம்பரைத் தப்பாகப் போட்டதில், கையில் இருந்த செக்குக்கும் திரையில் இருந்த செக்குக்கும் நம்பர் ஒத்துப்போகவில்லை. அதைச் சரி செய்ததும் தாளைத் தலைகீழாக வைத்து, முதுகுப் பக்கம் அழகாக அச்சடித்தேன். திருப்பி வைத்தால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் தொகை, தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, தொகையை எழுத்தால் எழுதும் வரி கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. அச்சை நகர்த்துவதற்கு ஒரு செட்டிங் இருப்பதைக் கண்டுபிடித்து, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இடது பக்கம் நூல் அளவு என்று நகர்த்தி நகர்த்தி வெள்ளைத் தாளில் எடுத்து, அதைச் செக் மேல் வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். நான் ஒரு முனை, உங்கள் அத்தை ஒரு முனை. தெருவில் போனவர்கள் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இதற்கு நடுவில்தான் பிரின்டர் படுத்தது. ஆள் வந்து, உள்ளே சிக்கியிருந்த தாளை எடுத்து, எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் வியாழக்கிழமை எல்லாம் நேர்கோட்டில் வந்தது. தேதி கட்டத்துக்குள், தொகை கட்டத்துக்குள், பெயர் வரியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி. கையெழுத்தைக் கூடப் படமாக ஏற்றிவிட்டால் அதுவே போட்டுக்கொள்ளும் என்று தெரிந்து ஏற்றிவிட்டேன். என் அப்பா காலத்திலிருந்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செக்கை ஒருமுறை படித்துப் பார்ப்பது வழக்கம். கையெழுத்தே போட வேண்டாம் என்றால் படிக்க எதற்கு? எழுத்து எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பூரித்துப்போனேனே தவிர, என்ன எழுத்து என்று பார்க்கவில்லை. செக்குக் கீழேயே விலாசமும் அச்சாகிறது, அதனால் முன்பக்கம் கண்ணாடித் தாள் ஒட்டிய கவரில் மடித்துப் போட்டால் பெயரும் விலாசமும் வெளியே தெரியும், தனியாக எழுத வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். அப்படியே போட்டு எல்லோருக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். வாராவாரம் வெள்ளிக்கிழமை அவர் நேரில் வந்து செக் வாங்கிக்கொண்டு, பெட்டிக்குக் கம்பி தைக்கும் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் வலியில் ஆரம்பித்து, லாரிக் கதவு நடுரோட்டில் கழன்று விழுந்த கதைக்கு வந்து, விளக்கை அணைக்கும் வரை பேசிவிட்டுப் போவார். இனி அந்த மாலை எனக்கே மிச்சம் என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயருக்கு வருகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். மகா அறுவை.

நடந்ததை உங்கள் அம்மாதான் போனில் உங்கள் அத்தையிடம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை தபால்காரர் கேட்டில் நின்று, "இங்க மகா அறுவை யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். துணி உலர்த்திக்கொண்டிருந்த உங்கள் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "உள்ளதான் இருக்காரு, போங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அப்பா கவரை வாங்கி, ஒரு தடவை படித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இன்னொரு தடவை படித்து, மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லையாம். "நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன், ஆனா எனக்கே பயமா இருக்கு" என்று உங்கள் அம்மா சொன்னார்களாம்.

நான் உங்கள் அத்தையிடம், "இது கம்ப்யூட்டர் தானா வச்ச பேருன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு உங்க சம்பந்தியோட அவ்வளவு பழக்கமா?" என்றாள். பெயர் வைத்ததே அவள்தான் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மாலை எனக்கே மிச்சமாகக் கிடைத்தது, மாப்பிள்ளை. என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நாற்காலியில் யாரோ தாள் கட்டை வைத்திருந்தார்கள், எடுத்துக் கீழே வைத்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மனசு கஷ்டமாக இருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அங்கிருந்தே சாஃப்ட்வேருக்குள் நுழையும் வழி உங்களிடம் இருக்கிறது. அந்தப் பெயரை அடியோடு எடுத்துவிட்டு, உங்கள் அப்பாவின் முழுப் பெயரை முன்னால் உயர்திரு, பின்னால் அவர்கள் என்று போட்டு நிரப்பிவிடுங்கள். செக்கே வேண்டாம், எலக்ட்ரானிக்குக்கு மாற்றிவிடுங்கள். அவர் கையில் இனி என் பட்டறையிலிருந்து அச்சடித்த எதுவும் போய்ச் சேரக் கூடாது, பணம் மட்டும் சத்தமில்லாமல் போய்ச் சேரட்டும். பிறகு உங்கள் அப்பாவிடம் பக்குவமாக, இதெல்லாம் புது சாஃப்ட்வேரில் எல்லோருக்கும் நடப்பதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை சொன்னால் நம்புவார்.

எங்கள் பெண்ணுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், பாஸ்வேர்டு மறக்காமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை காட்ட முடியாத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் அப்பா வந்துவிட்டார். நான் எழுந்து நின்று, "சம்பந்தி, அந்தப் பேரு..." என்று ஆரம்பித்தேன். "பேரை விடுங்க. எங்க வீட்ல அதைவிட மோசமா சொல்றா" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "செக்க தபால்ல அனுப்பிட்டீங்களே சம்பந்தி. இனிமே நான் இங்க வரவேண்டாம்னு அர்த்தமா? அதுதான் அன்னையிலேருந்து மனசுல உறுத்துது." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனவே எலக்ட்ரானிக் வேண்டாம், தபால் வேண்டாம், கையெழுத்துப் படத்தையும் எடுத்துவிடுங்கள். வெள்ளிதோறும் நானே எழுதி அவர் கையில் கொடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரில் பேங்கில் பணம் தரமாட்டார்களாம், விசாரித்துவிட்டார். அதற்காக இன்று கையாலேயே வேறு செக் எழுதிக் கொடுத்தேன். பழையதைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார். சாஃப்ட்வேரிலும் பெயரை மாற்றக் கூடாதாம். அவர் இன்னும் எதிரேதான் இருக்கிறார், அவர் பேசப் பேசத்தான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். லாரிக் கதவு இப்போதுதான் கழல ஆரம்பித்திருக்கிறது. பெயரில் 'மகா' மட்டும் போதாது என்று உங்கள் அத்தை சைகை காட்டுகிறாள்.