மூன்றாவது சிடி

முழுதாகப் பார்த்த படத்தைப் பற்றிக் கருத்து சொல்ல நான் கொஞ்சம் தயங்குவேன். பாதி பார்த்த படம் என்றால் தயக்கமே இருக்காது. என்னிடம் இப்படி ஒரு குணம் இருப்பதை என் இருபத்தேழாவது வயதில், சிதம்பரம் தெற்கு வீதியில், அறுபது பேர் முன்னால், கையில் மைக்கைப் பிடித்தபடி தெரிந்துகொண்டேன். அந்த அறுபது பேரில் ஒருவர் என் மாமனார் ஆக வேண்டியவர்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. (சொன்னால் எங்கள் வீட்டில் விவாதம் மறுபடி தொடங்கிவிடும். இந்த வாரமாவது நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.) கறுப்பு வெள்ளைக் காலத்து அரசியல் படம். சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் கோதண்டம் என்ற குமாஸ்தா, ஆலை முதலாளியை எதிர்த்துத் தேர்தலில் நிற்பான். தோளில் ஒரு துண்டு, காலில் தேய்ந்த செருப்பு, வாயைத் திறந்தால் அனல். கடைசியில் ஜெயித்துவிடுவான். ஊர் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். எங்கள் வீட்டில் படம் அதோடு முடியும்.

கடலூர் முதுநகரில் அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் கடை. எந்த மோட்டாரைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் இரண்டு நட்டு மீந்துவிடும். கேட்டால், "இது இல்லாமலே ஓடுதுல்ல? அப்ப இது வேணாம்னு அர்த்தம்" என்பார். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவர் ஒரு பழைய விசிடி பெட்டியையும் அந்தப் படத்தையும் வாங்கிவந்தார். இரண்டு சிடி. லீவு விட்டால் அந்தப் படம், கரண்ட் வந்தால் அந்தப் படம், விருந்தாளி வந்தால் கட்டாயம் அந்தப் படம். பத்து வயதுக்குள் கோதண்டத்தின் மேடைப் பேச்சு மொத்தமும் எனக்கு மனப்பாடம். பள்ளி ஆண்டு விழாவில் துண்டு போட்டுக்கொண்டு பேசிக் காட்டி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன்.

பிறகு பொறியியல் படித்தேன். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. எதையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதே என்பதுதான் என் வேலையின் முதல் விதி. இந்த விதியைப் புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். (தயவுசெய்து சிரிக்க வேண்டாம். சிரிக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது.)

கல்லூரியில் கூடப் படித்த அருளும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். என் வீட்டில் சரி என்றாகிவிட்டது. அவன் வீட்டில் அம்மா சரி. மிச்சம் அவன் அப்பா கலியமூர்த்தி. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு ஞாயிறு தெற்கு வீதியில் துணிக்கடை ஒன்றின் மாடியில் பழைய படம் போட்டு, முடிந்ததும் பார்த்தவர்களைப் பேச வைப்பார். சாதியும் ஜாதகமும் அவருக்குப் பொருட்டில்லை. ஆனால் ஒரு ஆளை எடை போட வேண்டுமானால் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டால் போதும் என்பது அவருடைய சித்தாந்தம். அருளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பொண்ண நம்ம படத்துக்கு வரச் சொல்லு. பேசட்டும். அப்புறம் பாப்போம்."

அந்த மாதம் என்ன படம் என்று கேட்டேன். அருள் பெயரைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கோதண்டம்! நூறு முறை பார்த்த கோதண்டம்! கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவியைப் போலக் குதித்தேன். அன்றே பட்டியல் போட்டேன். கோதண்டம் ஏன் தமிழ்த் திரையின் தலைசிறந்த அரசியல்வாதி என்பதற்கு ஏழு காரணங்கள். ஏழாவதை மட்டும் தடித்த எழுத்தில் வைத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். தொழில்நுட்பத்தையும் காட்டினால் மாமனார் அசந்துபோவார் என்று தோன்றியது. பார்வையாளர்கள் போனிலேயே படத்தைப் பற்றிய கருத்தை எழுதி அனுப்ப ஒரு படிவம் தயாரித்தேன். மொத்தம் பதினொரு கேள்விகள். அதைத் திறக்கும் கட்டம் போட்ட க்யூஆர் குறியீட்டுப் படத்தை அச்சடித்து, ஞாயிறு மதியம் கடலூரில் பஸ் ஏறினேன். போய் இறங்கியதும் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒட்டினேன். கலியமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "பேஷ்" என்றார். அந்த ஒரு 'பேஷ்' போதும், பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் பாதி ஓடியது. கோதண்டம் பேசப் பேச நான் கூடவே உதட்டை அசைத்தேன். இடைவேளையில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் தொன்னையில் கொடுத்தார்கள். அப்போதுதான் கீழவீதியில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா போனை நீட்டினார்.

"இன்னா பாப்பா இது, உங்க கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்தான் அனுமதின்னு வருது? நான் எப்ப உங்க கம்பெனில சேந்தேன்?"

அலுவலகக் கணக்கில் படிவத்தைத் தயாரித்திருந்தேன். என் நிறுவனத்துக்கு வெளியே உள்ள யாராலும் அதைத் திறக்க முடியாது. (சோதனை செய்வதுதான் என் தொழில் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.) கலியமூர்த்தி பார்ப்பதற்குள் சரிசெய்தாக வேண்டும். புதுப் படிவம், புதுக் குறியீடு, புது அச்சு. ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடை திறந்திருக்குமா? நான்கு வீதியையும் சுற்றினேன். அன்று சுவாமியே புறப்பட்டிருந்தாலும் என் வேகத்துக்கு வீதியைச் சுற்றியிருக்க மாட்டார். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை கிடைத்தது. அங்கே பேப்பர் இருந்தது, மை இல்லை. மை வரும்வரை காத்திருந்து, அச்சடித்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து வந்து படியேறியபோது கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

புதுக் குறியீட்டுத் தாள்களை முதல் வரிசையில் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் பாதி போனதில் எனக்குத் துளியும் கவலையில்லை. அதுதான் தெரியுமே! பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் ஜெயித்த ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டேன். அருள் பின்வரிசையிலிருந்து கையால் ஏதோ சைகை காட்டினான். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன். (இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசாதே என்று சொன்னானாம்.)

கலியமூர்த்தி மைக்கை எடுத்து, கடலூரிலிருந்து வந்திருக்கும் இந்தப் பெண் படத்தையே மனப்பாடமாக வைத்திருப்பவர், முதலில் இவர் பேசட்டும் என்று அறிமுகம் செய்துவைத்தார். நான் நிதானமாக எழுந்தேன். பதற்றப்படாமல் பேசுவேன் என்று எனக்கு எப்போதும் நல்ல பெயர் உண்டு.

முதல் காரணம், எளிமை. இரண்டாவது, பேச்சு. மூன்றாவது, தொழிலாளிகள் மேல் அவனுக்கு இருக்கும் மாறாத பாசம். இங்கே யாரோ இருமினார்கள். நான்காவது, மனைவி சொல்லைத் தட்டாத குணம். இப்போது நான்கைந்து பேர் இருமினார்கள். சிதம்பரத்தில் சளிக்காய்ச்சல் பரவுகிறது போல என்று நினைத்துக்கொண்டு ஐந்தையும் ஆறையும் வேகமாகக் கடந்து, தடித்த எழுத்து ஏழுக்கு வந்தேன். குரலை உயர்த்தினேன். "பதவி வந்தும் கடைசிவரைக்கும் மாறாத ஒரே அரசியல்வாதி கோதண்டம்தான். இந்தப் படத்தோட மொத்த பலமும் அதுதான்."

கைதட்டலுக்காக நிறுத்தினேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

செல்வி அக்கா கையை உயர்த்தினார். "மாறலயா? அப்ப அந்தத் தடியடி?"

என்ன தடியடி? என் கோதண்டம் எறும்பைக்கூட மிதிக்காதவன். மூளை வேலை செய்வதற்குள் வாய் முந்திக்கொண்டது. "அந்தத் தடியடி ஒரு குறியீடுக்கா."

"மந்திரியானதும் கூட வேல பாத்தவங்களயே அடிக்கச் சொல்றான். அது குறியீடா?"

"ஆமாக்கா."

"அவன் பொண்டாட்டியே அடுத்த எலக்சன்ல அவன எதுத்து நிக்குதே?"

"அதுவும் குறியீடுதான்."

"சரி, அதுகிட்ட அவன் தோத்துப் போறானே பாப்பா, அது?"

கோதண்டம் தோற்றானா! ஏதோ நெருங்கிய சொந்தக்காரர் தவறிவிட்டார் என்று கேட்டதுபோல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இருபது வருடமாக நான் கட்டிக் காத்த மனிதன், மந்திரியாகி, தடியடி நடத்தி, பெண்டாட்டியிடமே டெபாசிட் இழந்திருக்கிறான். அதுவும் நான் ஜெராக்ஸ் கடையில் அச்சு மை வரக் காத்திருந்த நேரத்தில். அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் கலியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இனிக் குறியீடு எதுவும் கைவசம் இல்லை. உண்மை ஒன்றுதான் மிச்சம்.

"எங்க வீட்ல ரெண்டு சிடிதாங்க இருந்துச்சு" என்றேன்.

கூடமே வெடித்தது. செல்வி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் நாற்காலியோடு பின்னால் சாய, பக்கத்தில் இருந்தவர் பிடித்து நிறுத்தினார். கலியமூர்த்தி மட்டும் சிரித்தாரா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. கோபத்திலும் சிலருக்குத் தோள் குலுங்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மாடியிறங்கிக் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ்ஸிலும் பட்டியல்தான் போட்டேன். ஒன்று, கல்யாணம் நின்றுவிட்டது. இரண்டு, சிதம்பரம் பக்கம் இனித் தலைகாட்ட முடியாது. மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது, பஸ் புதுச்சத்திரம் தாண்டும் நேரத்தில் போன் ஒலித்தது. என் படிவத்துக்கு ஒரு பதில் வந்திருந்தது. ஒரே ஒரு பதில்.

எங்கே உட்கார்ந்தீர்கள், ஒலி தெளிவாக இருந்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் வங்கிக்காரருக்கே உரிய ஒழுங்கோடு விடை எழுதப்பட்டிருந்தது. மனதைத் தொட்ட பாத்திரம்: கோதண்டத்தின் மனைவி. கலந்துரையாடல் எப்படி இருந்தது: 'இத்தனை வருடத்தில் யாரும் இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.' பதினொன்றாவது கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. அதற்கு எழுதியிருந்தார்: 'மருமகள் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறார். ஆனால் மாட்டிக்கொண்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். கோதண்டத்துக்கு அது வரவில்லை. மீதிப் படத்தை நம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.'

மருமகள் என்ற சொல்லை ஆலப்பாக்கம் வரும்வரை படித்துக்கொண்டே இருந்தேன். பிறகு பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். இறங்க வேண்டுமா என்று கேட்டுக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் படத்துக்கு மூணாவது சிடி இருக்காப்பா?"

அப்பா மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "இருந்துச்சி. நான் சின்ன வயசுல தியேட்டர்ல பாத்தப்பவே, அவன் தடியடிக்குச் சொன்னதும் எழுந்து வந்துட்டன். உனக்குப் போட்டுக் காட்டுனப்ப அவன் ஜெயிச்சதும் நீ கட்டில்மேல ஏறி நின்னு கைதட்டுன. அதுக்கப்புறம் அத எப்பிடிப் போடறது? எடுத்து வச்சிட்டன்."

"அதுக்காக முடிவ மறைப்பீங்களா?"

"அது இல்லாமலே இருபது வருசம் ஓடுச்சில்ல?"

நிச்சயதார்த்தத் தட்டில் பூ, பழம், புடவைக்கு நடுவே தன்னிடமிருந்த மூன்றாவது சிடியை மஞ்சள் தடவி வைத்திருந்தார் கலியமூர்த்தி மாமா. கல்யாணம் முடிந்து இரு குடும்பமும் சிதம்பரம் வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். கோதண்டம் ஜெயித்த நொடியில் அப்பா செருப்பைத் தேடினார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். மாமா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார், கடைசிவரை விடவில்லை. படம் முடிந்ததும் அப்பாவே சிடியை வெளியே எடுத்து உறையில் போட்டார். பிறகு, "என் ஓட்டு அந்தப் பொம்பளைக்குத்தான்" என்றார். இது போதாதா? கோதண்டம் ஆரம்பத்திலிருந்தே கெட்டவனா, நடுவில் கெட்டவனா என்று அன்று ஆரம்பித்த சம்பந்திகளின் வாக்குவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் நிலைமையைத்தான் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால் அது குறியீடு. அருள் பால் வாங்க மறந்தால் அது குறியீடு. போன பொங்கலுக்கு வந்தபோது அப்பா, ஓடாமல் கிடந்த எங்கள் மிக்ஸியைப் பிரித்து மாட்டிக் கொடுத்தார். அருமையாக ஓடியது. மேஜைமேல் இரண்டு நட்டு கிடந்தன. மாமா அவற்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா சம்பந்தி இது?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "குறியீடு."