நாலு மணிக்கு எழும்பும் கோடு

கிராப் அண்ணை கண்ணால் கண்டதை நம்பமாட்டார். அது ‘கிராப்’ எனும் வரைபில் கோடாக வந்தால்தான் நம்புவார். பெயரைக் கேட்டுத் தலைமுடியைக் கற்பனை செய்ய வேண்டாம். தலையில் ஒரு கோடுகூட இல்லை.

ஊர்காவற்றுறையில் எங்கள் அலுவலகத்தின் கணினிகளைப் பார்ப்பது அவர் வேலை. கழித்துவிட்ட பழைய கணினியொன்றைத் துடைத்தெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளை அதில் ஏற்றினார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் கணினிகளையும் தீவுகளில் உள்ள கிளைகளையும் விசாரித்து, யார் எவ்வளவு இணையம் இழுக்கிறார்கள் என்று பச்சைக் கோடு போடும்.

ஒருநாள் இணையம் அறுந்துகிடந்த நெடுந்தீவுக் கிளையிலிருந்து ஒருவர் இணையம் வழியாகவே அழைத்தார்.

“அண்ணை, லைன் திரும்ப வந்திட்டுது.”

“இல்லை. இஞ்ச கோடு விழுந்து கிடக்குது.”

“அந்த லைனிலதானே அண்ணை இப்ப உங்களோட கதைக்கிறன்.”

அண்ணை யோசித்தார். “கோடு எழும்பட்டும். பிறகு கதைப்பம்.” வைத்துவிட்டார்.

டொக்டர் பிரஷர் அளந்து எண்ணைச் சொன்னபோதும், “ஒரு புள்ளியை வைச்சு என்னெண்டு சொல்லுறது? ஒரு மாதம் பாப்பம்” என்று எழுந்து வந்தவர்.

மனேஜர் ஒருநாள் அந்தத் திரையைப் பார்த்துவிட்டார். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு கோடு நெட்டுக்குத்தாக எழும்பியிருந்தது.

“உது ஆற்ற கணினி? ஆர் படம் பாக்கிறது?”

என் கணினிதான். கனடாவில் அக்கா வீட்டிலிருக்கும் அம்மா கண்விழிக்கும் நேரம் அது. தேநீர் இடைவேளையில் முகம் பார்த்துக் கதைப்போம். நான் குனிந்து கோப்பொன்றைப் புரட்டத் தொடங்கினேன்.

“அது நான் வைச்ச சோதினை, சேர்,” என்றார் அண்ணை. “பாரம் ஏத்திப் பாத்தாத்தானே லைன் தாங்குமோ எண்டு தெரியும்.”

மனேஜர் தலையாட்டிக்கொண்டு போனார். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் நான் அழைக்கவில்லை. நாலேகாலுக்கு அண்ணை என் மேசையடியில் நின்றார்.

“தம்பி, இண்டைக்குக் கோடு எழும்பேல்லை. அம்மாவுக்குச் சுகமில்லையோ?”

“வெக்கமாக் கிடந்தது அண்ணை. அதான் எடுக்கேல்லை.”

“வெக்கம் பிறகு படலாம். தாய் மனிசி போனைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கும். எடும்.”

எடுத்தேன். பக்கத்தில் நின்ற அவரையும் அம்மாவுக்குக் காட்டினேன். இப்போதெல்லாம் அம்மா என்னிடம் முதலில் கேட்பது, “அந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?” என்றுதான்.